காது முன்னாடி வரட்டும்

திருத்தணியில் குரங்குக்குப் பயந்து மலைப்படி ஏறாதவர்கள் சிலர் உண்டு. குரங்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அடிவாரத்தில் நின்றே கும்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்புகிறவர்களும் உண்டு. நான் இரண்டாவது வகை. ஆகவே ஒருவரைப் பயந்தவர் என்று நான் சொன்னால் அதற்கு ஒரு கனம் இருக்கிறது. தொழில் தெரிந்தவன் வாய்ச்சொல் அது.

மாட்டாஸ்பத்திரி அக்கா என்னைவிடப் பயந்தவர்.

கால்நடை மருந்தகத்தில் டாக்டருக்கு உதவியாளர். ஐம்பதை ஒட்டிய வயது, ஒல்லி. நீலச் சேலையின் முந்தானையை இடுப்பில் செருகி, அது போதாதென்று இரண்டு ஊக்கும் குத்தியிருப்பார். கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் எப்போதும் ஒரு பொட்டலம் கல்லுப்பு. மழை வெயில் பார்க்காமல் குடை. ரோட்டைக் கடக்கும்போது குடையை மடக்கி, வருகிற பஸ்ஸுக்கு நேராக நீட்டிக்கொண்டு போவார், பஸ் அதைப் பார்த்துப் பயந்து ஒதுங்கிவிடும் என்பதுபோல. இடிக்குப் பயம். பல்லிக்குப் பயம். டாக்டரின் பைக்கில் பின்னால் உட்காரப் பயம். டாக்டர் முன்னால் போய் மாட்டின் வாலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவர் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவார்.

ஆனால் உதைக்கிற மாட்டின் பின்னங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்று மடியைத் தடவும்போது அந்தக் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. அவருடைய பெரிய பயம் மாட்டிடம் இல்லை, வேறு எங்கோ இருந்தது. எங்கே என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வேட்டி செலவாயிற்று.

அந்தப் பயம் தலைகாட்டுவதற்கு ஒரு நேரம் உண்டு. மாட்டின் வயிற்றைக் கிழித்துக் கன்று எடுத்தாயிற்று, தையல் போட்டாயிற்று, டாக்டர் கை கழுவுகிறார், வீட்டுக்காரர்கள் காபி கலக்கிறார்கள், எல்லோரும் சிரிக்க ஆரம்பிக்கிறார்கள். அப்போதுதான் அக்காவின் முகம் வெளுக்கும். கொட்டகை வாசலில் போய்க் குந்துவார். மாட்டின் காதையே பார்ப்பார்.

திருவாலங்காடு போகிற வழியில் ஒரு கரும்புக்காரர் வீட்டில் இப்படிக் குந்தியவர், மதியச் சாப்பாட்டையும் வேண்டாம் என்றுவிட்டுப் பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லையாம். வீட்டுக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னாம்மா, வூட்டுக்குப் போற எண்ணம் இல்லியா? இப்படியே குந்திகினு இருந்தா சொத்துல பங்கு கேப்ப போலகீதே."

"காது இன்னும் முன்னாடி வரலீங்க."

"யார் காது?"

"உங்க மாட்டுக் காதுங்க. உங்க காதைப் பாக்கறதுக்கு நான் இன்னா மாப்பிள்ள பாக்கவா வந்தேன்?"

கன்றை முன்னால் விட்டதும் தாய் இரண்டு காதையும் முன்னுக்கு நீட்டி, வாயைத் திறக்காமல் அடித்தொண்டையில் 'ம்ம்' என்று முனக வேண்டும். முனகினால் ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். காதைப் பின்னால் மடக்கித் தலையைத் தாழ்த்தினால் என்ன அர்த்தம் என்று ஒருமுறை கேட்டேன். அக்கா பேச்சை மாற்றி, எங்கள் கடையில் ஆதார் அட்டை நகல் ஏன் இவ்வளவு கறுப்பாக வருகிறது என்று கேட்டார்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மாட்டுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. சம்பந்தம் வந்தது சம்பந்தத்தால்தான். என் மனைவி செல்விக்கு ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். "புள்ள பால் குடிச்சு வளந்தவ" என்று சொல்லி அவளுடைய நைனா ஒரு ஜெர்சிக் கலப்புக் கிடேரியை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். அதற்குக் கோமளா என்று பெயரும் அவரே வைத்திருந்தார். கோமளாவும் நானும் ஒரே வீட்டில் மரியாதையான தூரத்தில் வாழ்ந்தோம். தவிட்டுத் தண்ணீர் வைக்கும் முறை எனக்கு வந்தால், பக்கெட்டை வைத்துவிட்டுத் தென்னை மட்டையால் அதை உள்ளே தள்ளுவேன். கோமளா என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்கும். இவன் இந்த வீட்டில் யார் என்று அதற்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அந்தக் கோமளாவுக்குத் தலைப்பிரசவம். விடிந்ததும் பன்னீர்க்குடம் உடைந்தது. இரண்டு முன்னங்கால் எட்டிப் பார்த்தன. தலை வரவில்லை. டாக்டர் வந்து தோள்வரை கையை விட்டு ஒரு மணி நேரம் போராடினார். கோமளா முக்கி முக்கி நாக்கு வெளியே தள்ளிவிட்டது. டாக்டர் கையை உருவி, வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கன்னு பெருசு. தலையும் பின்னால மடங்கிகினு கீது. இந்த வழியா வராது. வெலாவுல கிழிச்சுத்தான் எடுக்கணும்."

செல்வி "நைனா" என்று ஒரு சத்தம் போட்டாள். நைனா பள்ளிப்பட்டில் இருந்தார். கையருகே இருந்தவன் நான்தான்.

வேப்ப மரத்தில் கட்டி, நிற்க வைத்தே கிழித்தார்கள். இடது விலாவை மழித்து, மரத்துப்போக ஊசி போட்டு, டாக்டர் கத்தியை வைத்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டு வேண்டிக்கொண்டேன்: முருகா, கன்று உயிரோடு வந்தால் மொட்டை போடுகிறேன். என் தலை அப்போதே முக்கால் பங்கு வேண்டுதல் நிறைவேறிய தலை. இருந்தாலும் கால் பங்கு பாக்கி இருந்தது.

"தம்பி, கண்ணை அப்பறம் மூடிக்கலாம். இந்தக் காலைப் புடிச்சு மேல தூக்குங்க" என்றார் அக்கா.

தூக்கினேன். விலாவிலிருந்து முதலில் கன்றின் பின்னங்கால்கள், பிறகு இடுப்பு, பிறகு மொத்தக் கன்றும் ஒரு குடம் தண்ணீரோடு என் மேல் வந்து விழுந்தது. வேட்டி இடுப்பிலிருந்து கணுக்கால்வரை வழுவழுவென்று நனைந்துவிட்டது. கிடேரிக் கன்று. அசைவில்லை. அக்கா ஒரு வைக்கோலை மூக்கில் விட்டுக் குடைந்தார். கன்று தும்மியது. நானும் தும்மினேன்.

டாக்டர் தையலுக்கு நூல் கோக்கத் தொடங்கினார். செல்வி கோமளாவின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருந்தாள். அக்கா டாக்டருக்குச் சதையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"தம்பி, கன்னைச் சாக்கோட கொட்டாய்க்கு இழுத்துகினு போங்க. அவளைக் கட்டற எடத்துல போடுங்க. எதையும் தொடைக்காதீங்க. அப்படியே கெடக்கட்டும்."

காதில் விழுந்தது. விழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கொட்டகையில் போட்டுப் பார்த்தபோது கன்று இருந்த கோலம் மனதுக்கு ஒப்பவில்லை. ரத்தமும் கோழையும் ஒட்டி, மஞ்சள் பூத்து, நடுங்கிக்கொண்டு. எங்கள் தெருவில் எந்தத் தாய்க்கும் பிள்ளையை இந்தக் கோலத்தில் காட்டியதில்லை. ஆஸ்பத்திரியிலேயே குளிப்பாட்டித் துண்டில் சுற்றித்தான் தருகிறார்கள். கோமளா மட்டும் என்ன குறைந்தவளா? அடுப்பில் டாக்டருக்கு வைத்த வெந்நீர் மீதி இருந்தது. அதில் மஞ்சள் கரைத்து, கன்றைத் தலையோடு குளிப்பாட்டினேன். துவட்டினேன். சாக்கைக் கழுவி வெயிலில் போட்டேன். தரையைப் பினாயில் ஊற்றித் தேய்த்தேன். பூஜை மாடத்தில் மலையிலிருந்து வந்த சந்தனம் இருந்தது. குழைத்துக் கன்றின் தலை முழுக்கப் பூசி, நெற்றியில் விபூதியும் வைத்தேன். மலையில் மொட்டை போட்டு, சந்தனம் பூசி, அப்பா தோளில் இறங்கி வருகிற குழந்தை மாதிரியே இருந்தது. என் கண் கலங்கிவிட்டது.

தையல் முடிந்து கோமளாவை நடத்திக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்த அக்கா வாசலில் நின்றார். கன்றைப் பார்த்தார். குடை கையிலிருந்து விழுந்தது.

"ஏசப்பா" என்றார், மிக மெதுவாக.

திட்டியிருந்தால் தேவலாம். திட்டவில்லை. முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது.

கோமளா குனிந்து கன்றை ஒருமுறை முகர்ந்தது. காது இரண்டும் பின்னால் போய் ஒட்டிக்கொண்டன. மூச்சைப் புஸ்ஸென்று விட்டது. தலை தாழ்ந்தது. அக்கா என்னிடம் சொல்லாமல் விட்ட அர்த்தம் அப்போது எனக்குப் புரிந்தது. புரிந்து முடிவதற்குள் கன்று சுவரில் போய் மோதி விழுந்தது. கன்று கத்தவில்லை. நான்தான் கத்தினேன். கோமளா மறுபடியும் தலையைத் தாழ்த்துவதற்குள் அக்கா உள்ளே பாய்ந்து கன்றின் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்.

"முக்கினது பின்னால, புள்ள வந்தது வெலாவுல. பெத்தோம்னே அவளுக்குத் தெரியாது" என்றார் அக்கா மூச்சு வாங்க. "அந்தத் தண்ணியோட வாசனை ஒண்ணுதான் அவளுக்குச் சொல்லும். அதுவும் இப்ப இல்ல."

மஞ்சப்பையிலிருந்து உப்பை எடுத்துக் கன்றின் முதுகில் தடவி, தூரத்திலிருந்து நீட்டிப் பார்த்தார். கோமளா உப்பை ஒரு நக்கு நக்கியது. சந்தனம் மூக்கில் ஏறியதும் பின்னங்காலை வீசி ஓர் உதை. விலாத் தையலில் சிவப்பாக ஒரு கோடு இறங்கியது.

டாக்டர் குனிந்து பார்த்தார். "ஒரு தையல் விட்டுப்போச்சு. இன்னும் ரெண்டு தபா இப்படி எகிறினா மொத்தமும் விட்டுடும். அப்பறம் மாடும் தேறாது."

"பாலைக் கறந்து புட்டியில குடுத்துடலாமே சார்?" என்றாள் செல்வி.

கறக்க உட்கார்ந்து பார்த்தாள். மடி கல் மாதிரி இருந்தது. பால் இறக்க மாட்டேன் என்று கோமளா அடக்கிக்கொண்டது. நாலு சொட்டு வந்தது. ஐந்தாவதுக்கு உதை வந்தது. தெருவில் வேறு எந்த மாடும் அந்த வாரம் ஈனவில்லை. பொழுது சாய்வதற்குள் சீம்பால் உள்ளே போகவேண்டும் என்று சொல்லிவிட்டு டாக்டர் வேறு கேஸுக்குக் கிளம்பினார். அவர் விட்டுவிட்டுப் போனவை, பிரிந்த இடத்தில் ஒரு புதுத் தையலும், நாங்கள் மூன்று பேரும்.

மணி இரண்டு ஆயிற்று. கன்றின் காதைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. கால் மடங்கிப் படுத்தது எழுந்திருக்கவில்லை. அதன் கண்ணில் ஈ உட்கார்ந்தால்கூட இமைக்கத் தாமதமாயிற்று. சந்தனம் காய்ந்து வெடித்து, குழந்தை மாதிரி இருந்த முகம் இப்போது வேறு மாதிரி இருந்தது. எந்த மாதிரி என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. நான் கையை முகர்ந்து பார்த்தேன். கையெல்லாம் மணமாக இருந்தது. என் வாழ்நாளில் எந்த மணத்தையும் அவ்வளவு பயந்து முகர்ந்ததில்லை.

அக்கா கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தார். திடீரென்று நின்று என்னை விசாரித்தார்.

"சாக்கு?"

"கழுவிட்டேன்க்கா."

"கழுவுன தண்ணி?"

"சாக்கடையில வுட்டுட்டேன்."

"தரை?"

"பினாயில்."

அன்று ஒருநாள்தான் என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தேன்.

அக்கா என் இடுப்பைப் பார்த்தார். "காத்தால கட்டிகினு இருந்தது இது இல்லியே? அந்த வேட்டி இன்னா ஆச்சு?"

செல்வி முந்திக்கொண்டாள். "அதை ஏன்க்கா கேக்கறீங்க. அழுக்குத் துணியை ஊற வையி, மூலையில வீசாதன்னு கல்யாணம் ஆன நாளா தொண்டை கிழியக் கத்திகினு இருக்கேன். ஒரு நாளு கேட்டது கெடையாது இந்த மனுஷன்..."

பாதியில் நிறுத்தினாள். மூன்று பேரும் குளியலறைப் பின்பக்கம் ஓடினோம். மூலையில், என் இருபது வருஷத்துச் சோம்பேறித்தனம் சுருண்டு கிடந்தது. சாணமும் ரத்தமும் பன்னீர்க்குடத்து நீரும் ஊறி, நிழலில் இருந்ததால் இன்னும் ஈரம் காயாமல். அக்கா அதைத் தூக்கி முகத்தில் வைத்து மூச்சை இழுத்தார். மல்லிகைப்பூவை முகர்கிறவர்கள்கூட அப்படிக் கண்ணை மூட மாட்டார்கள்.

"கீது" என்றார். "இதுலகீது. தம்பி, நீங்களே தோள்ல போட்டுகினு வாங்க. கன்னையும் நீங்கதான் தூக்கணும்."

"அக்கா, எனக்கு மாடுன்னா கொஞ்சம்..."

"எனக்கும் பயமாத்தான்கீது. வாங்க."

அவர் கன்றின் தலையை வெந்நீரால் வழித்துச் சந்தனத்தை முடிந்தவரை எடுத்தார். பிறகு வேட்டியின் ஒரு பாதியைக் கன்றின் மேல் தேய்த்துத் தேய்த்துப் போர்த்தி, மறுபாதியை என் தோளில் போட்டு, கன்றைக் கையில் தூக்கவைத்து என்னை உள்ளே அனுப்பினார். பக்கத்தில் என் முழங்கையைப் பிடித்தபடி அவரும் வந்தார்.

கோமளா திரும்பியது. தலை தாழ்ந்திருந்தது. அந்த நெற்றி என் வயிற்றுக்கு நேராக இருந்தது. இரண்டு எட்டுதான் இடைவெளி. தென்னை மட்டை கையில் இல்லை. கோமளா மூச்சை உள்ளே இழுத்தது. மறுபடியும் இழுத்தது. ஒரு காது மெல்ல அசைந்தது.

பிறகு இரண்டு காதும் முன்னால் வந்தன. அடித்தொண்டையில் 'ம்ம்' என்று ஒரு சத்தம்.

கோமளா பார்த்தது கன்றை இல்லை. என்னை.

"அக்கா" என்றேன்.

"அசையாதீங்க" என்றார் அக்கா உதடு அசையாமல். "இப்ப நீங்கதான் கன்னு."

நாக்கு வந்தது. தோளில் தொடங்கி, கழுத்து, காது, மிச்சமிருந்த கால் பங்கு முடி. உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதுபோல இருந்தது. அந்தத் தலை ஒரு அசைப்பில் என்னைச் சுவரில் அறையும் என்று தெரியும். சற்று முன்னால் அறைந்ததைப் பார்த்திருந்தேன். மூச்சு விடாமல் நின்றேன். என்னைப் பெற்றவள்கூட என்னை அவ்வளவு நேரம் கொஞ்சியதில்லை. அக்கா என் கால் முட்டியைத் தட்டினார். அங்குலம் அங்குலமாகக் குனிந்தேன். குனியக் குனிய நாக்கும் கூடவே இறங்கியது. தோளிலிருந்து கைக்கு, கையிலிருந்து வேட்டிக்கு, வேட்டியிலிருந்து அதற்குள் இருந்த ஈரக் கன்றுக்கு. அக்கா வேட்டியின் நுனியைப் பிடித்து, நக்குகிற வேகத்துக்கு ஏற்ப இம்மி இம்மியாக உருவினார்.

வேட்டி முழுதும் வெளியே வந்துவிட்டது. இப்போது நடுவில் ஒன்றும் இல்லை. கோமளாவின் மூக்கு கன்றின் நெற்றிக்குப் போயிற்று. அங்கே இன்னும் சந்தனம் ஒட்டியிருந்தது. நாக்கு நின்றது. மூச்சு புஸ்ஸென்று வந்தது. ஒரு காது பின்னால் போயிற்று.

என் முழங்கையில் அக்காவின் நகம் இறங்கியது.

கன்று அப்போதுதான், எங்கேயோ மிச்சமிருந்த தெம்பில், 'மே' என்று மிக மெலிதாக ஒரு குரல் கொடுத்தது. பின்னால் போன காது திரும்பி வந்தது. கோமளா நெற்றியை நக்கத் தொடங்கியது, சந்தனத்தோடு, விபூதியோடு, என் முட்டாள்தனத்தோடு சேர்த்து.

நாலரை மணிக்குக் கன்று எழுந்து தடுமாறி மடியை முட்டியது. பால் இறங்கியது. செல்வி அழுதாள். நான் கொல்லையில் போய் வாந்தி எடுத்தேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை, அழவில்லை. கொட்டகை வாசலில் குந்தி, காதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அவரை பஸ் ஏற்றிவிட நான்தான் மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்; அதற்குள் அவரே பேசினார்.

"நீங்க சந்தனம் வச்சீங்க தம்பி. நான் பவுடர் போட்டேன்."

எனக்குப் புரியவில்லை.

"எங்க வூட்டு மாடு. இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி. அதுக்கும் வெலாவுலதான் எடுத்தாங்க. சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, பவுடர் அடிச்சு, கோயிலுக்கு ஞானஸ்நானத்துக்குத் தூக்கினு போற புள்ள மாதிரி ஜோடிச்சு அவ முன்னாடி வுட்டுட்டு, காபி போட உள்ள போனேன். பால் பொங்கல, அதுக்குள்ள..." குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "அவளைக் குத்தம் சொல்ல முடியாது. யார் புள்ளையோன்னு நெனச்சிட்டா."

பஸ் வந்தது. அக்கா ஒரு காலைப் படியில் வைத்தார். நின்றார். கண்டக்டர் விசில் அடித்தார்.

"ஒரே ஒரு தபா பாத்துட்டு வந்துடறேன்" என்று இறங்கிவிட்டார். பஸ் போய்விட்டது. நாங்கள் திரும்பி வீட்டுக்கு நடந்தோம். காது முன்னால்தான் இருந்தது.

மறுவாரம் வேண்டுதலை நிறைவேற்ற, குரங்குகளையும் மீறி மலையேறி மொட்டை போட்டேன். தலை நிறையச் சந்தனத்தோடு பெருமையாகக் கொட்டகைக்குள் போனேன். கோமளா முகர்ந்து பார்த்துவிட்டுக் காதைப் பின்னால் மடக்கியது. வேலியைத் தாண்டித் தப்பித்தேன்.

அக்கா ஓய்வுபெற்று, அரக்கோணத்தில் ரயில்வேயில் இருக்கிற மகனோடு போய்விட்டார் என்று பிறகு ஒருநாள் டாக்டர் சொன்னார். போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. விடைபெறவும் அவருக்குப் பயம்தானோ என்னவோ.

அவர் விட்டுப்போனது எப்படியோ என்னிடம் வந்து ஒட்டிக்கொண்டது. எந்தத் தெருவில் மாட்டுக்கு விலாவில் கிழித்தாலும் எனக்கு போன் வருகிறது. "டாக்டர் வந்துட்டு போயிட்டாருங்க. நல்லாத்தான்கீது. நீங்க ஒரு தபா வந்து கொஞ்சம் பயந்துட்டுப் போங்களேன்" என்கிறார்கள். கடையைச் செல்வியிடம் விட்டுவிட்டுப் போகிறேன். பையில் கல்லுப்பு இருக்கிறது. போனதும் முதல் கேள்வி, கன்றை யாராவது கழுவிவிட்டார்களா என்பதுதான்.

போன வாரம் ஒரு வீட்டில் மதியத்திலிருந்து குந்தியிருந்தேன். தாய் நக்குவதும் நிறுத்துவதுமாக இருந்தது. வீட்டுக்காரர் இரண்டுமுறை வந்து எட்டிப் பார்த்தார். மூன்றாவது முறை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னா சார், ஜெராக்ஸ் கடையில வேலை இல்லியா? இங்கயே குடித்தனம் பண்ணுவீங்க போலகீதே?"

நான் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்புகிற நேரத்தில் அது நடந்துவிட்டால்?

"கொஞ்சம் இருங்க" என்றேன். "காது முன்னாடி வரட்டும்."